மாதாவுக்கு வாயசைத்தவள்

எங்கள் பாஸ்கா நாடகத்தில் முப்பத்து மூன்று வருஷமாக மாதா ஒரே குரலில்தான் அழுதாள். முகம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அந்தக் குரலைப் பிடித்தவனும் நான்தான், வருஷா வருஷம் அதை ஓட்டியவனும் நான்தான். ஆதிமூலம் சவுண்ட் சர்வீஸ், அரியாங்குப்பம். நாடகம் நடப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில். நான் வேதக்காரன் இல்லை, எங்கள் வீட்டில் திரௌபதியம்மன். ஆனாலும் பூவோடு சேர்ந்த நாராக, பிலாத்து கை கழுவுவதிலிருந்து கல்லறைக் கல் புரள்வது வரைக்கும் வசனம் பிசகாமல் என்னால் சொல்ல முடியும். 'எங்கள் நாடகம்' என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். இத்தனை வருஷம் வயர் இழுத்தவனுக்கு அந்த அளவு பாத்தியதைகூடவா கிடையாது?

குருத்து ஞாயிறு சாயங்காலம் கோயில் திடலில் மேடை போடுவார்கள். முன்னெல்லாம் இயேசுவின் பாடுகள் விடிய விடிய நடக்கும். இப்போது ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் அவரைச் சிலுவையிலிருந்து இறக்கியாக வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை, எல்லாருக்கும் ஷிப்ட் இருக்கிறது. மேடையில் நிற்பவர்கள் பேசமாட்டார்கள். பதிவு செய்த வசனம் ஓடும், இவர்கள் வாயை அசைப்பார்கள். அந்தக் காலத்தில் நாற்பது வேஷத்துக்கு என்னிடம் இருந்தது இரண்டே மைக். அதனால் வந்த ஏற்பாடு அது. பிறகு மைக் நிறைய வந்தது, ஏற்பாடு மட்டும் போகவில்லை.

கேசட்டில் பேசியவர்கள் எல்லாரும் பெரிய வீட்டுக்காரர்கள். பள்ளிக்கூட அறையில் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க மூன்று நாள் பதிவு செய்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பிள்ளை இயேசு. பத்திரம் எழுதும் நோத்தேர் வீட்டு மருமகன் பிலாத்து. மாதாவுக்கு மதாம் பிலோமின். யூதாஸுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. காட்டிக்கொடுத்தவன் குரலாகத் தன் குரல் காலத்துக்கும் ஒலிப்பதற்கு எவன் சம்மதிப்பான்? வாய்க்கால்கரைத் தெருவிலிருந்து சவரிமுத்துவைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். அந்தத் தெருவுக்கு நாடகத்தில் கிடைத்ததெல்லாம் சாட்டையடிக்கும் சேவகர், இரண்டு கள்ளர், யூதாஸ். கோயிலுக்குள் உட்காரவும் அவர்களுக்கு அப்போது வேறு பக்கம்தான்.

கேசட்டில் பேசிய இயேசு இப்போது பிரான்சில், மார்செய்யில் இருக்கிறாராம். பிலாத்து கல்லறைத் தோட்டத்தில். பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. மஞ்சள் அடித்துத் திரும்பத் திறந்தபோது கெஸ்ட் ஹவுஸாக இருந்தன. பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த சனத்தில், மிஞ்சியது வாய்க்கால்கரைத் தெருவும், வாடகைக்கு வந்தவர்களும், கட்டட வேலைக்கென்று ஜார்க்கண்டிலிருந்து வந்த பத்துப் பதினைந்து குடும்பமும்தான். போட்டி போட ஆளில்லாததால் வேஷமெல்லாம் தானாகவே இவர்கள் கைக்கு வந்தது. இந்த வருஷத்து இயேசு லூர்துபிரகாஷ், முதுகில் பெட்டியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். எருசலேம் பெண்களில் ஒருத்தி சலோமி, அந்த ஜார்க்கண்டுப் பெண். தமிழில் 'தண்ணி', 'வரேன்', 'எவ்ளோ' தவிர ஒன்றும் வராது. வாயசைப்புதானே, பாஷை எதற்கு என்று சேர்த்துக்கொண்டார்கள்.

மாதா, ஸ்டெல்லாமேரி. யூதாஸ் குரல் கொடுத்த சவரிமுத்துவின் மருமகள். சவரிமுத்துவுக்குப் பிறகு யூதாஸ் வேஷம் கட்டும் சூசைநாதனின் பெண்சாதி. வயது நாற்பத்தைந்து. கெஸ்ட் ஹவுஸில் படுக்கை விரிப்பு வேலை. மெஷின் துவைத்துவிடும். ஈர விரிப்பை மாடிக்குத் தூக்கி, உதறி, காயப்போட்டு, எடுத்து, இஸ்திரி போட்டு அடுக்குவது இவள். ஒரு நாளைக்கு நாற்பது விரிப்பு. சாயங்காலத்தில் அவள் தோளைப் பார்த்தால் இரண்டும் இரண்டு உயரத்தில் இருக்கும்.

அவர்கள் குடியிருந்தது மதாம் பிலோமின் வீட்டுப் பின்கட்டில். மதாம் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகன் ஜூலியன் பிரான்சில் இருக்கிறார். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பெருக்கி, கிணற்றில் இலை விழாமல் பார்த்துக்கொள்வதற்காக இவர்கள் இருந்தார்கள். வாடகை கிடையாது. ஜூலியன் வருஷம் தவறாமல் பாஸ்காவுக்கு வந்துவிடுவார். முன்வரிசையில் உட்கார்ந்து, அம்மா குரல் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார். மேடைச் செலவில் பாதி அவருடையது. இதனாலெல்லாம்தான் அந்தக் குரல்மேல் யாரும் கை வைக்கவில்லை.

நாடகத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்பீக்கரை ஏற்றி வைக்க, சூசைநாதன் பெயின்ட் அடிக்க ஏறும் ஸ்டாண்டை இரவல் கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். காற்றே இல்லை. பங்குனி வெயிலில் அந்த ஊரில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மூன்று மணிக்குக் கடல்காற்று வந்தால்தான் உண்டு. சூசைநாதன் பெயின்ட் அடிக்கிறவன். முழங்கை வரை மஞ்சள் அப்பியிருக்க, தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். தவக்காலம், கறி கிடையாது. மரவள்ளிக்கிழங்கு அவித்து, பச்சைமிளகாய் நசுக்கிப் போட்டிருந்தாள்.

"ஒக்காருங்கண்ணா. கெழங்கு மாவா வெந்திருக்குது."

"எனக்கு வேணாம்மா, வாயுக் கோளாறு."

"பரவால்ல, தெறந்தவெளியிலதான நாடகம்," என்றாள். மாதா வேஷக்காரி பேசுகிற பேச்சா இது? உட்கார்ந்து தின்றேன்.

சூசைநாதன் சிரிக்கவில்லை. "ஜூலியன் முசியே நேத்து வந்துட்டாரு. வூட்டக் கம்பெனிக்கு வுடறாராம். பதினஞ்சு வருஷத்துக்கு. ஓட்டலு ஆக்கறாங்களாம்."

"நீங்க?"

"நாங்க இருக்கறத பத்திக் கம்பெனிகிட்ட பேசறேன்னு சொல்லி இருக்கறாரு. வாட்ச்மேனா என்னைய வச்சிக்கட்டும்னு. பதில் வர்ல."

"வர்லன்னா?"

"முதலியார்பேட்டையில ஒரு ரூம் பாத்தேன். கட்டில் போட்டா கதவு தெறக்காது. அதுக்கே கேக்கற வாடகைக்கு இவ இன்னும் நாப்பது விரிப்பு தொவைக்கணும்."

"தொவைக்கறது மெஷினுய்யா," என்றாள் ஸ்டெல்லாமேரி. "உதர்றதுதான் நானு." எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள். போகிற போக்கில் கதவு நிலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனதைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஒத்திகை. இயக்குபவர் இன்னாசி வாத்தியார், ரிட்டயரான டிராயிங் மாஸ்டர். நல்ல மனுஷன், ஆனால் பழைய வரியில் ஒரு புள்ளி மாறினாலும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஸ்டெல்லாமேரிக்கு அன்று வாய் சேரவே இல்லை. குரல் முன்னால் போக, உதடு பின்னால் போயிற்று. மதாமின் தமிழ் பிரெஞ்சுக் கான்வென்ட் தமிழ். 'என் அருமை மகனே, உன்னை இக்கோலத்திலா காண்பேன்' என்பதில் அந்த 'ரு' தொண்டைக்குள் போய்விட்டு வரும். கேட்டுக் கேட்டு, மாதா பேசுவதே அப்படித்தான் என்று பங்கில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா நீ! உதட்டக் குவிக்கணும், குவிச்சு வுடணும்," என்றார் வாத்தியார்.

"குவிச்சா சிரிப்பு வருது வாத்தியாரே. சின்னப் புள்ளையில செபம் சொல்றப்பகூட இந்த மாதிரியே சொல்லுவேன். அப்பிடிச் சொன்னாதான் மாதாவுக்குப் புரியும்னு."

எல்லாரும் சிரித்தார்கள். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதாவின் மடியில் கிடத்தும் காட்சி. நான் பொத்தானை அழுத்தினேன். மதாம் இரண்டு வரி அழுதிருப்பார், கரண்ட் போய்விட்டது.

குரல் பாதியில் அறுந்தது. அந்தி வெளிச்சம் மட்டும் மிச்சம். ஜெனரேட்டரைப் போடச் சொல்லி நான் எழுந்தேன். மேடையில் லூர்துபிரகாஷ் அசையவில்லை. நடிப்பு என்று நினைத்தேன். இல்லை. நிஜமாகவே தூங்கிப் போயிருந்தான். காலையிலிருந்து வெயிலில் வண்டி ஓட்டினவன், ஒரு மடி கிடைத்ததும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான். ஸ்டெல்லாமேரி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வையைத் தன் முந்தானையால் ஒற்றினாள். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"எந்திரி கண்ணு... ஊருக்கெல்லாம் சோறு போட்டியே, நீ தின்னியா கண்ணு? அஞ்சு அப்பத்த அஞ்சாயிரம் பேருக்குப் பிட்டுப் பிட்டு வச்சியே, உனக்குன்னு ஒரு வாய் எடுத்து வச்சியா? காலெல்லாம் புண்ணாக் கெடக்குதே, செருப்புகூடவா வாங்கித் தரல இந்த ஊரு? தண்ணி கேட்டியாமே, காடியக் குடுத்தாங்களாமே. நான் இருந்தேனே கண்ணு, ஒரு சொம்பு தண்ணி நான் தர மாட்டேனா?"

வாய்க்கால்கரைத் தெருவில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதல் ஆள் அவள்தான். எனக்கு அது தெரியும். ஆனால் இது ஒப்பாரியும் இல்லை. தூங்குகிறவன் எழுந்துவிடக் கூடாது என்பது மாதிரி, அவ்வளவு தாழ்ந்த குரல். திடலில் வெற்றிலை மென்றவன் வாய் நின்றது. எருசலேம் பெண்களுக்குள் நின்ற சலோமி, ஒரு வார்த்தை புரியாதவள், தேம்பித் தேம்பி அழுதாள். அம்பத்தாறு வயதில் ஊரறிய அழுவதற்கு வெட்கப்பட்டுக் கொசு அடிப்பவன்போல் கன்னத்தில் தட்டிக்கொண்டேன்.

கரண்ட் வந்தது. விட்ட இடத்திலிருந்து மதாம் தொடங்கினார். லூர்துபிரகாஷ் திடுக்கிட்டு எழுந்து, "ஆர்டர் வந்துடுச்சா?" என்றான்.

ஒத்திகை முடிந்ததும் அவள் வாத்தியாரிடம் வந்து நின்றாள். "வாத்தியாரே, அந்தக் காட்சிக்கு நானே பேசட்டா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "நல்லாத்தாம்மா இருந்துச்சு. இல்லேங்கல. ஆனா மேடையில... தெருப் பேச்சுல... மாதா அப்பிடியா பேசுவாங்க?"

"வேற எப்பிடிப் பேசுவாங்க? தச்சன் பொண்டாட்டிதான?"

"அது சரி. ஜூலியன் முசியே முன்வரிசையில ஒக்காந்திருப்பாரே. அதுக்குன்னே பிரான்சுலேர்ந்து வர்றவரு. அவரு அம்மா குரல நிறுத்திட்டு உன் குரலா? யோசிச்சுப் பாரு. வூடு வேற அவரு கையில இருக்குது."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். வாத்தியார் என்னைப் பார்த்து, "நான் சொன்னதுல தப்பு இருக்குதா ஆதிமூலம்?" என்றார். நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஸ்டாண்டு எடுக்கப் போனபோது பின்கட்டில் சண்டை. யாரும் கத்தவில்லை. கத்துவதற்கு இரண்டு பேரிடமும் தெம்பு இல்லை. சூசைநாதன் சுவரில் சாய்ந்திருந்தான், அவள் வேஷத்துக்கான நீலப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணா," என்றான் என்னிடம். "கம்பெனி பதில் எந்த நிமிஷமும் வரலாம். இந்த நேரத்துல அவரு மனசு நோவுற மாதிரி எதுக்கு? ஒரு நாலு நிமிஷம் வாயசைச்சுட்டு எறங்கிட்டா என்னா கொறஞ்சி போவுது? நான் இருவத்திரண்டு வருஷமா அசைக்கல? எங்கப்பா பேசறாரு, நான் அசைக்கறேன். வருஷத்துக்கு ஒரு நாளு அவரு என் வாய் வழியா வர்றாரு. எனக்கு அது போதும்."

"உனக்கு உங்கப்பா. அவருக்கு அவங்கம்மா," என்றாள் அவள். "எனக்கு யாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிணற்றடியில் காக்கை ஒன்று வாளியைக் கொத்திக்கொண்டிருந்தது. அவள் புடவையின் கடைசி மடிப்பை அழுத்திவிட்டாள். "பேசலய்யா. அசைக்கறேன். எங்கயோ கெடக்கற ஓட்டல்காரன் நம்மள வச்சிக்கறதுக்கு நான் வாயசைக்கணும்னா அசைச்சிட்டுப் போறேன். அண்ணா, நீங்க எப்பியும் போலப் போட்டுடுங்க."

அவள் சொன்னதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெறும் அலுப்புதான் இருந்தது. நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. வெயில் சாயவில்லை. காலையில் பவனி வந்தவர்கள் போட்ட குருத்தோலை திடலெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. நான் மேசை போட்டு மிக்சரில் வயர் செருகிக்கொண்டிருந்தபோது ஜூலியன் வந்தார். அறுபதை நெருங்கும் வயது; என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். வெள்ளைச் சட்டை, சிவந்த கழுத்து. இருபதில் போனவர் என்பதால் அவர் தமிழ் அந்த வயதிலேயே நின்றுவிட்டிருந்தது.

"ஆதிமூலம் அண்ணன், ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க முசியே."

"அம்மா பேசற அந்தப் பாகம்... அது மட்டும் ஒரு காப்பி கெடைக்குமா? வூட்டுல வச்சு நான் கேக்கறதுக்கு."

நான் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தேன். "உங்ககிட்ட இல்லியா?"

"இல்லியே. கோயில் சொத்து. பீரோவுல பூட்டி வச்சிருக்கறாங்கன்னு சொன்னாங்க. நான் எப்பிடிக் கேக்கறது? பங்குச் சனமெல்லாம் எங்கம்மா குரலுக்கு இவ்ளோ மரியாத குடுத்து, மாத்தாம வருஷா வருஷம் போடறாங்க. நான் வரலன்னா அவங்க மனசு வருத்தப்படும்ல? முட்டி வலி அண்ணன் எனக்கு. பத்து மணி நேரம் பிளேன்ல ஒக்கார முடியல. இருந்தாலும் வர்றேன்."

நாங்கள் அவருக்காகப் போட்டோம், அவர் எங்களுக்காக வந்தார். விருந்தாளி மனசு கோணக்கூடாதென்று இலையில் மேலும் மேலும் வைக்கிறவனும், வைத்தவன் மனசு கோணக்கூடாதென்று விழுங்கித் தொலைக்கிறவனும் மாதிரி. நடுவில் எத்தனை பெண்கள் வாயை அசைத்துவிட்டு இறங்கிப் போனார்கள்! கேசட்டாக இருந்து, சிடியாகி, பென்டிரைவாகி, என் போனிலேயே அது மூன்று வருஷமாகக் கிடக்கிறது. ஒருத்தரும் கேட்கவில்லை, ஒருத்தரும் கொடுக்கவில்லை.

அங்கேயே நின்றபடி அவருக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷ வேலை. அவர் போனைக் காதோடு வைத்து, வேப்பமரத்துப் பக்கம் திரும்பி நின்று முழுசாகக் கேட்டார். திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது. "மெர்சி அண்ணன். ரொம்ப மெர்சி," என்றார்.

நான் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். வாத்தியார் சொன்னதையும் சொன்னேன்.

"அவங்க பேசட்டுமே! எனக்கென்ன? இத்தன வருஷம் ஏன் யாரும் பேசல?"

ஏன் பேசவில்லையாம்! எனக்கு அந்த மனுஷனைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. உலுக்கினால் நானும்தான் உதிர்வேன் என்பதால் அடக்கிக்கொண்டேன். "அதெல்லாம் பெரிய கத முசியே," என்றேன். "அந்தப் பின்கட்டு விஷயம் என்னாச்சு?"

அவர் முகம் விழுந்தது. "நேத்து பதில் வந்துடுச்சு அண்ணன். அவங்க செக்யூரிட்டி ஆளுங்களத்தான் போடுவாங்களாம். பின்கட்ட இடிச்சு ஏதோ குளம் கட்டறாங்களாம். நான் கையெழுத்து போட்டுட்டேன், இனிமே என் பேச்சு எடுபடாது. பண்டிக முடியட்டும்னு சூசைகிட்ட சொல்லாம இருக்கறேன்."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறுதல் பட்டிருப்பேன்.

மேடைக்குப் பின்னால், கீற்றுத் தடுப்புக்குள், ஸ்டெல்லாமேரி நீலப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். சலோமி அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். சூசைநாதன் அந்தக் கோடியில் யூதாஸ் தாடிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான்.

"ஸ்டெல்லா, முசியேகிட்ட பேசினேன். நீ பேசலாம். அவருக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவருதான் சொன்னாரு."

"நெசமாவா?" முகம் ஒரு கணம் விரிந்தது. உடனே சுருங்கியது. "வூட்டப் பத்தி எதனா சொன்னாரா?"

"நாடகம் முடியட்டும்மா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல எனக்கு வராது. ஸ்பீக்கர் மாதிரி, உள்ளே இருப்பது வெளியே கேட்டுவிடும்.

"போயிடுச்சா அண்ணா?"

அவள் கணவன் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணாடியில் தாடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"அவருகிட்ட இப்ப சொல்லாதீங்க. தொங்கற காட்சி இருக்குது, பாவம்," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்ப மைக்க எனக்கு ஒழுங்கா வைங்க. நான் ஒக்காந்திருப்பேன். கோயில்ல பாட்டுக்காரங்களுக்கு வுடற மாதிரி தலைக்கு மேல தொங்க வுடாதீங்க."

நானே மேடைக்குப் போய், அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்து, வாய்க்கு நேராக வரும்வரை மைக்கை இறக்கி, கல்வாரிப் பாறைத் துணிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். வாத்தியாரிடம் முசியே சொன்னதைச் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ, நாம அவருக்காகல்ல..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

ஐந்தரைக்குத் தொடங்கியது. ஒலிவமலை, முத்தம், பிலாத்து, சாட்டை. சவரிமுத்து குரலில் சூசைநாதன், 'குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேனே' என்று வாயசைத்துவிட்டு மரத்தில் தொங்கினான். மாதாவின் காட்சி வந்தபோது நன்றாக இருட்டி, கடல்காற்று எழுந்திருந்தது. நாலு பேர் லூர்துபிரகாஷைத் தூக்கிவந்து மடியில் கிடத்தினார்கள். நான் வசனத்தை நிறுத்திவிட்டு அவள் மைக்கைத் திறந்தேன். முதலில் அவள் மூச்சு கேட்டது. சனம் குரலுக்காகக் காத்திருந்தது. மதாம் வரவில்லை. முன்வரிசையில் யாரோ என் பக்கம் திரும்பி, கரண்டு இல்லையா என்று கையால் கேட்டார்கள்.

"எந்திரி கண்ணு," என்றாள் ஸ்டெல்லாமேரி.

வெள்ளிக்கிழமை சொன்னதெல்லாம் வந்தது. சோறும் அப்பமும் தண்ணீரும். வேறு கொஞ்சமும் வந்தது. "பொறக்கறப்பவும் நமக்கு எடமில்லன்னு சொன்னாங்களே கண்ணு. மாட்டுக் கொட்டாயிலதான உன்னப் பெத்தேன். கந்தலு விரிச்சேன், குளிருக்கு என் மாருதான். இப்பப் பாரு, பொதைக்கறதுக்கும் எவனோ ஒருத்தன் கல்லறையில எரவல் எடம். முப்பத்து மூணு வருஷத்துல நமக்குன்னு ஒரு எடம் இருந்துச்சா கண்ணு?" அங்கே நிறுத்தினாள். திடலில் ஒரு குழந்தை இருமியது. மடியில் இருந்த தலையை இரண்டு கையாலும் ஏந்தி, காதோடு சொல்வதுபோலச் சொன்னாள். "எந்திரி சாமி. வூட்டுக்குப் போவலாம். எந்திரி. நேரமாயிடுச்சு, வூட்டுக்குப் போவலாம்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும், எந்த வீட்டுக்கு என்று. ஜூலியனுக்கும் தெரியும். அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தடுப்புக்கு வெளியே ஒட்டுத் தாடியோடு வந்து நின்ற சூசைநாதனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் குரலைக் கேட்ட மாத்திரத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. லூர்துபிரகாஷின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. செத்தவன் எப்படிடா அழலாம் என்று வாத்தியார் அவனை அப்புறம் திட்டினார், அவரே அழுதுகொண்டு.

ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமை சூசைநாதனும் ஸ்டெல்லாமேரியும் வீடு மாறினார்கள். அரியாங்குப்பத்தில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. என் சவுண்ட் வண்டியிலேயே சாமானை ஏற்றினோம். கட்டில், கேஸ் அடுப்பு, சவரிமுத்து படம், துணி மூட்டை. அவ்வளவுதான். அவள் கடைசியாக ஒரு தடவை பின்கட்டைப் பெருக்கினாள். இடிக்கப் போகிற இடத்தை எதற்கம்மா பெருக்குகிறாய் என்றேன். "குப்பையோடவா வுட்டுட்டுப் போறது?" என்றாள்.

அப்போதுதான் இன்னாசி வாத்தியார் மொபெட்டில் வேகமாக வந்தார். "ஆதிமூலம், நல்ல மைக்கு ஒண்ணு எடு. ஒரு அரை மணி நேரம். ஸ்டெல்லா, அந்தக் காட்சிய மட்டும் பேசிக் குடுத்துட்டுப் போம்மா. பதிவு பண்ணி வச்சிக்கறோம்."

"எதுக்கு வாத்தியாரே?"

"ஆறு தாண்டுனா வேற பங்கு ஆயிடுது இல்லியா. அடுத்த வருஷம் உனக்கு வேஷம் குடுக்க முடியாது, கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க. குரலாச்சும் இருக்கட்டும். உன் குரல்ல வேற யாராச்சும் வாயசைக்கட்டும்."

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். மதாம் பிலோமினுக்குக் கொடுத்த இடத்தை அவளுக்குக் கொடுக்கிறார். அதைவிடப் பெரிசாகக் கொடுப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. நான் மைக்கை எடுக்கவில்லை. அவளையே பார்த்தேன். துடைப்பத்தைச் சுவரில் தட்டி, வண்டிக்குள் செருகினாள்.

"யாரு மாதா, அடுத்த வருஷம்?"

"வேற யாரு இருக்கறாங்க? அந்தச் சலோமிதான். அதுக்குத்தான் சொல்றேன், அவளுக்குத் தமிழே வராதும்மா."

"அழுவறதுக்குத் தமிழ் எதுக்கு வாத்தியாரே?" என்றாள் ஸ்டெல்லாமேரி. "அவளுக்கும் வாய் இருக்குதுல்ல. அவ பாஷையில அழுவட்டும். என் குரல எதுக்கு அவ வாயில திணிக்கறீங்க? ஊட்டி ஊட்டியே இத்தினி வருஷம் போயிடுச்சு."

வாத்தியார் ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை, சரியென்று சொல்லவும் இல்லை. வண்டி கிளம்பும்வரை அங்கேயே நின்றார்.

சூசைநாதன் பின்னால் சாமானோடு உட்கார்ந்துகொண்டான். அவள் முன்னால், மடியில் சவரிமுத்து படம். பாலத்தில் ஏறும்போது ஆற்றிலிருந்து சேற்று வாடை வந்தது. தேங்காய்த்திட்டுப் பக்கம் படகுகள் வெயிலில் கிடந்தன. அவள் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அண்ணா," என்றாள், பாலம் முடியும்போது. "சலோமி என்னையவிடக் குள்ளம். மைக்க இன்னும் நாலு வெரல் எறக்கி வைங்க."

சரி என்றேன்.